கருநிரலும் களஞ்சியமும்: உட்பொதிந்த கணினிகளிற் சேமிப்புச் செலுத்திகளை அமைத்தல் பற்றிய ஓர் அறிமுகம்

1

ஈழத்துத் தமிழர் புலமை வரலாற்றிலே நூல்களைப் பேணுதல் நூலகர்க்கு மட்டுமே உரிய தொழிலாக என்றும் இருந்ததில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) சிதைந்த ஏடுகளைத் தேடித் திரட்டி, பிரதிகளை ஒப்புநோக்கி, 1885 இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இலே கலித்தொகையையும் பதிப்பித்தார். ஒரு நூற்றாண்டு நிறைவுறுமுன்னர், 1981 மே இறுதியிலும் யூன் முற்பகுதியிலும் நிகழ்ந்த வன்முறையின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவ்வழிவின் நினைவு மங்காத சூழலிலேயே 2005 இல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் தொடங்கப்பெற்றது. ஏடு, அச்சு, எண்ணிமம் என்னும் இம்மூன்று கட்டங்களிலும் ஒரே வினா தொடர்ந்து நிற்கின்றது: எது எஞ்சும்? அதனை எஞ்சவைக்கும் ஆற்றல் யார் கையில் உள்ளது?

எண்ணிம வடிவம் பெற்ற நூல் இனி அழியாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. நுணுகி நோக்குமிடத்து இந்நம்பிக்கை கருத்துமுதல்வாதத்தின் சாயல் கொண்டதென்பது புலப்படும். பொருளைச் சாராத வடிவம் என ஒன்று இல்லை. திரையிலே தோன்றும் ஒவ்வோர் எழுத்தும் எங்கோ ஒரு சில்லினுள் மின்னேற்றமாகவோ காந்தப் பதிவாகவோ தங்கியிருத்தல் வேண்டும். அச்சில்லுக்கும் எழுத்துக்கும் இடையே நின்று எழுதுவதும் எடுப்பதுமாகிய தொழிலைச் செய்யும் நிரலையே சேமிப்புச் செலுத்தி என்கிறோம். அதனை எங்ஙனம் அமைப்பது என்பது பொறியியலாளர்க்கு மட்டும் உரிய நுட்பமெனக் கருதி நம்மவர் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றனர். ஒதுக்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2

விளக்கத்தின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை மேற்கொள்வோம். குடாநாட்டுக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்து வாசிகசாலையில், உள்ளங்கையளவான தனித்தட்டுக் கணினியொன்று சுவரிலே பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதில் அவ்வூரின் பழைய சஞ்சிகைகள், மலர்கள், கையெழுத்துப் பிரதிகள் ஆகியவற்றின் எண்ணிமப் படிகள் உள்ளன. வாசகர் தத்தம் கைபேசிகளில் இணையமின்றியே அவற்றைத் திறந்து வாசிப்பர். விசைப்பலகையோ திரையோ அக்கணினிக்கு இல்லை. ஒரு குறித்த பணிக்கென வேறொரு பொருளினுள் அமைந்து கிடக்கும் இத்தகைய கணினியே உட்பொதிந்த கணினியாகும். வீதிச் சமிக்ஞை, மருத்துவக் கருவி, வீட்டு மின்மானி ஆகியவற்றுள்ளும் இதன் இனத்தவையே உள்ளன.

இக்கணினியின் மையத்தே இயங்குவது கருநிரல். ‘கேர்னல்’ என வழங்குவதும் இதுவே. நினைவகத்தைப் பங்கிடுதல், நிரல்களை முறைவைத்து ஓடவிடுதல், வன்பொருளோடு உரையாடுதல் ஆகியன இதன் பணிகள். இன்று உட்பொதிந்த கணினிகளிற் பெருவழக்காயுள்ள கருநிரல் லினக்ஸ் ஆகும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இலே வெளியிட்ட இந்நிரல், 1992 முதல் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வழங்கப்படுகின்றது. எவரும் அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர் மூலநிரலையும் உடன் வழங்குதல் வேண்டும். இவ்வுரிமை இல்லையெனில் இனிக் கூறப்போவன எல்லாம் வெறும் வேடிக்கை பார்த்தலாகவே முடியும்.

3

லினக்ஸ் கருநிரலிலே பல்லாயிரம் செலுத்திகள் உள. அவை அனைத்தையும் ஒரு சிறு தட்டினுள் அடைத்தல் வேண்டியதில்லை. எனவே கருநிரலைக் கட்டுமுன்னர் ஒவ்வொரு கூறு பற்றியும் மூன்று விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்கிறோம்: கருநிரலோடு ஒன்றாகச் சேர்த்தல், தனிக்கூறாக வெளியே வைத்து வேண்டும்போது ஏற்றுதல், முற்றாக நீக்குதல். இத்தெரிவுகள் யாவும் ஒரு சாதாரண உரைக் கோப்பிலே வரி வரியாகப் பதியப்படுகின்றன. அமைத்தல் என்பது சாராம்சத்தில் இதுவே.

சேமிப்பைப் பொறுத்தவரை இத்தெரிவிலே ஒரு புதிர் உண்டு. நமது வாசிகசாலைக் கணினியில் யாவும் எஸ்டி அட்டை ஒன்றிலே உள்ளன எனக் கொள்வோம். அட்டையைப் படிக்கவல்ல செலுத்தியைத் தனிக்கூறாக்கி அவ்வட்டையிலேயே வைத்துவிட்டால், செலுத்தியை எடுப்பதற்கு அட்டையைப் படித்தல் வேண்டும்; அட்டையைப் படிப்பதற்குச் செலுத்தி வேண்டும். திறப்பை அறையினுள் வைத்துக் கதவைப் பூட்டியதற்கு ஒப்பானது இது. கணினி தொடங்கிய சில கணங்களில், மூலக் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என அறிவித்து நின்றுவிடும். திரையில்லாத கணினியாயின் அவ்வறிவித்தலையும் எவரும் காணார்.

இதனைத் தவிர்க்க, அட்டைக்கும் கோப்புக்கும் இடைப்பட்ட சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கருநிரலோடு சேர்த்தல் வேண்டும். அட்டை இடைமுகக் கட்டுப்படுத்தியின் செலுத்தி, அட்டையின் மொழியை அறிந்த நடுப்படை, அட்டையைத் தொகுதி தொகுதியாகக் காட்டும் படை, பிரிவினை அட்டவணையை வாசிக்கும் கூறு, ஈற்றிலே கோப்பு முறைமை ஆகியன அக்கண்ணிகள். இவற்றைத் தனிக்கூறுகளாக வைத்தேயாக வேண்டுமெனின், கருநிரலோடு உடன் ஏற்றப்படும் தொடக்க நினைவகக் கோப்புமுறை ஒன்றினுள் அவற்றைப் பொதிதல் வேண்டும்.

செலுத்தி இருந்தாற் போதாது. வன்பொருள் எங்குள்ளது என்பதும் அதற்குத் தெரிதல் வேண்டும். யூஎஸ்பி போன்ற இணைப்புகளிலே பொருத்தப்படும் சாதனம் தன்னைத் தானே அறிமுகஞ் செய்யும். தட்டிலே நேரடியாக ஒட்டப்பட்ட கட்டுப்படுத்தி அவ்வாறு செய்வதில்லை. எனவே அதன் முகவரி, கடிகாரம், மின்வழங்கி, தரவுக் கம்பிகளின் எண்ணிக்கை ஆகியன சாதன மரம் எனப்படும் விவரணக் கோப்பொன்றிலே எழுதப்படுகின்றன. அக்கோப்பிலுள்ள பெயரும் செலுத்தி அறிந்த பெயரும் பொருந்தினாலன்றி இரண்டும் இணையா.

அனுபவமுடையோரையும் இடறச்செய்யும் தவறு இங்கேயே நிகழ்கின்றது. அட்டையின் செலுத்தியைச் சேர்த்தவர், அவ்வட்டைக்கு மின் வழங்கும் சீராக்கியின் செலுத்தியைத் தனிக்கூறாக விட்டுவிடுவர். மின்வழங்கி வரும்வரை அட்டைச் செலுத்தி தன் பணியை ஒத்திவைக்கும். அட்டை தோன்றும்வரை காத்திருக்குமாறு கருநிரலுக்குக் கட்டளையும் இடப்பட்டிருப்பின், அது பிழையெதுவுங் கூறாது முடிவின்றிக் காத்திருக்கும். அக்கட்டளை தன்னளவிலே தேவையானதே. அட்டையைக் கண்டறியச் சிறிது நேரம் செல்லும். ஆயினும் காத்திருத்தற்குக் காரணமானதைச் சங்கிலியின் அடிவரை தேடுதல் வேண்டும் என்பது மனங்கொள்ளத்தக்கது. இதுபோன்றே, மூலப் பிரிவினை அட்டையின் வரிசையெண்ணாற் சுட்டாது அதன் தனித்த அடையாள எண்ணாற் சுட்டுதல் நன்று. இரண்டாவது சேமிப்புச் சாதனம் சேரும்போது வரிசையெண் மாறக்கூடும்.

4

இனிச் சேமிப்பின் பொருளியல்பை நோக்குவோம். இன்றைய அட்டைகளும் சில்லுகளும் பெரும்பாலும் நான்ட் வகைப் பிளாஷ் நினைவகத்தாலானவை. இவ்வகை நினைவகத்திலே ஒரு பக்கத்தை எழுதலாம். ஆயின் எழுதிய பக்கத்தைத் தனியே அழித்து மீள எழுதுதல் இயலாது. பல பக்கங்கள் அடங்கிய முழுத் தொகுதியையும் ஒருங்கே அழித்தல் வேண்டும். ஒவ்வோர் அழிப்பும் தொகுதியைத் தேய்க்கின்றது. கலமொன்றுக்கு ஓர் இருமம் மட்டும் கொள்ளும் வகை ஏறத்தாழ 100,000 அழிப்புகளைத் தாங்கும். பல இருமங்களைத் திணிக்கும் மலிவான வகைகள் சில ஆயிரம் அழிப்புகளையே தாங்குவன. அன்றியும், கலத்திலுள்ள மின்னேற்றம் காலப்போக்கிலே கசிந்து இருமங்கள் புரளும்.

கட்டுப்படுத்தியற்ற வெறும் நான்ட் சில்லுக்கு லினக்ஸிலே தனியான செலுத்திப் படையொன்று உண்டு. அதன் மீது 2007 இலே யூபிஐ என்னும் மேலாண்மைப் படையும், 2008 இலே யூபிஐஎப்எஸ் என்னும் கோப்பு முறைமையும் கருநிரலிற் சேர்க்கப்பட்டன. பின்னையதை ஆக்குவதில் நோக்கியா நிறுவனத்துப் பொறியியலாளரோடு ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகமும் பங்குகொண்டது. யூபிஐ எழுத்துச் சுமையை எல்லாத் தொகுதிகளுக்கும் பகிர்ந்து அளிக்கின்றது. ஒரு தொகுதியிலே இருமங்கள் புரளத் தொடங்குவதைத் திருத்தக் குறியீட்டின் வாயிலாக அறிந்தவுடன், அது முற்றாகச் சிதையுமுன்னரே உள்ளடக்கத்தைப் புதிய தொகுதிக்குப் பெயர்த்துவிடுகின்றது.

இது நமக்கு அந்நியமான செய்கையன்று. செல்லரிக்கத் தொடங்கிய ஏட்டைப் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதிய பரம்பரையினாலேயே பழந்தமிழ் நூல்கள் எஞ்சின. ஏடெழுதுவோர் அறிந்ததையே யூபிஐயும் செய்கின்றது: அழியும் பொருளின் மீது அழியாமை என்பது இடையறாத உழைப்பின் பெறுபேறு.

ஆயின், எஸ்டி அட்டையிலும் தட்டிலே ஒட்டப்படும் இ-எம்எம்சி சில்லிலும் நிலைமை வேறானது. அவற்றினுள் நான்டோடு சேர்த்துச் சிறு கட்டுப்படுத்தியொன்றும் அடைக்கப்பட்டுள்ளது. தேய்வைப் பகிர்தல், பழுதான தொகுதியை ஒதுக்குதல், பெயர்த்தெழுதல் யாவற்றையும் அதன் உள்நிரலே தீர்மானிக்கின்றது. அந்நிரல் உற்பத்தியாளரின் வணிக இரகசியம். நாம் அமைக்கும் செலுத்தி அட்டையின் வாயில்வரை செல்லும். அதற்கப்பால் நமக்கு அனுமதியில்லை. சமூக உழைப்பின் விளைவான திறந்த நிரலும் தனியுடைமையான மூடிய நிரலும் ஒரே விரலளவு அட்டையிலே எதிரெதிர் நிற்கின்றன. திறந்த மூலநிரலை விடுதலையின் முழுவடிவமாகப் போற்றுவோர் இம்முரண்பாட்டைக் காணத் தவறுகின்றனர்.

5

இம்முரண்பாடு மின்தடையின்போது நடைமுறையில் வெளிப்படும். போர்க்காலத்திலே குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து பல்லாண்டுகள் துண்டிக்கப்பட்டிருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. தடையற்ற மின்சாரத்தை இயல்பெனக் கொண்டு எழுதப்பட்ட கைநூல்களை நாம் அப்படியே பின்பற்றுதல் இயலாது.

நிரலொன்று எழுதிய தரவு உடனே அட்டையைச் சென்றடைவதில்லை. வழக்கமான அமைப்பிலே அது 30 வினாடிவரை நினைவகத்திலே தங்கக்கூடும். அதற்கிடையில் மின் நின்றால் அத்தரவு இல்லை. இதனினும் கொடியது, அட்டையின் கட்டுப்படுத்தி தன் உள்வேலையாகப் பழைய தரவை இடம்பெயர்த்துக்கொண்டிருக்கும் வேளையில் மின் நிற்பதாகும்; அப்போது நாம் தொடாத கோப்பும் சிதையலாம்.

இதற்கு அமைப்பிலேயே விடை காணலாம். கணினியின் முறைமைக் கோப்புகளை ஸ்குவாஷ்எப்எஸ் போன்ற வாசிக்க மட்டும் உரிய கோப்பு முறைமையில் வைத்தல். தற்காலிக மாற்றங்களை ஓவர்லேஎப்எஸ் வாயிலாக நினைவகத்திலே தாங்குதல். நூற்படிகளுள்ள பிரிவை வாசிப்புக்கு மட்டும் ஏற்றி, புதியன சேர்க்கும்போது மாத்திரம் எழுத்துக்குத் திறத்தல். எழுதியபின் தரவு அட்டையைச் சென்றடைந்ததை உறுதிசெய்யும் கட்டளையை வழங்குதல். எழுதப்படாத அட்டையிலே உள்வேலையும் குறைவு. முற்றாக இல்லை எனக் கொள்ளலாகாது. ஆதலின் ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புத் தொகையைக் கணித்து வைத்துக் காலந்தோறும் ஒப்புநோக்குதலும், வேறோர் ஊரிலே பிறிதொரு படியைப் பேணுதலும் இன்றியமையாதன. இந்த ஈற்று விதியை 1981 நமக்கு மிகக் கொடிய முறையிலே கற்பித்திருக்கின்றது.

6

லினக்ஸ் கருநிரலின் செலுத்திகளை எழுதுவோருட் பெரும்பாலோர் நிறுவனங்களின் ஊதியம் பெறுவோர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. முதலாளித்துவம் தன் தேவைக்காக ஒருங்குதிரட்டிய உழைப்பே உரிமத்தின் வலிமையாற் பொதுவுடைமையாக எஞ்சியிருக்கின்றது. பொதுவிலே கிடப்பதாற் மட்டும் அது நம்முடையதாகிவிடாது. படிக்கவும் திருத்தவும் வல்லார் நம்மிடையே இருக்கும்போதே அவ்வுரிமை மெய்ப்படும்.

இங்கு மொழிப் பிரச்சினை எழுகின்றது. 1847 இலே யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவ நூல்கள் பல தமிழாக வழிசெய்தார். மிசனரி நோக்கின் வரம்புகள் அம்முயற்சிக்கு உண்டு. எனினும், உடலை அறுத்து ஆராயும் புதிய அறிவைத் தமிழிலே கற்பித்தல் கூடும் என்பதை அது அக்காலத்திலேயே நிறுவியது. கணினியின் உடலை அறுத்து ஆராயும் அறிவுக்கும் அத்தகைய முயற்சி வேண்டும். திரையின் மேற்பரப்பிலே தமிழ் எழுத்துத் தோன்றுவதோடு தமிழ்க் கணிமை நிறைவுற்றதெனக் கருதுவோமாயின், அடித்தளத்தைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு மேற்கட்டுமானத்தைக் கொண்டாடியவராவோம்.

வாசிகசாலைச் சுவரிலே தொங்கும் அச்சிறு கணினி ஒருநாள் இயங்காதுவிடின், அதனைக் கழற்றி, அமைப்புக் கோப்பைத் திறந்து, அறுந்த கண்ணியைக் கண்டு இணைக்கவல்ல இளைஞர் ஒருவராயினும் அக்கிராமத்திலே இருத்தல் வேண்டும். அவ்வாறானோரை உருவாக்குதல் பல்கலைக்கழகத்தின் கடன். அவர்க்குரிய கைநூலைத் தமிழிலே ஆக்குதல் நம் அனைவர்க்கும் உரிய பணியாகும்.