துருவக் கடலோரத்தின் தபால் கப்பல்

130 ஆண்டுகளைத் தாண்டிவிட்ட நார்வேயின் கடலோரச் சேவை, உல்லாசப் பயணிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

நள்ளிரவு தாண்டி மணி ஒன்று. வடக்கு நார்வேயின் தீவுச் சிற்றூரான ஸ்டோக்மார்க்னஸில் கப்பல் வந்து நிற்கிறது. மேல்தளங்களில் சுற்றுலாப் பயணிகள் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்க, கீழே பக்கவாட்டுக் கதவு திறக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் வண்டி சரக்கை இறக்குகிறது. பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய ஓரிருவர் கைப்பையுடன் ஏறுகிறார்கள். சிறிது நேரத்திலேயே கயிறு அவிழ்க்கப்பட்டுக் கப்பல் புறப்பட்டுவிடுகிறது.

'ஹுர்டிகுருட்டென்', அதாவது 'விரைவுப் பாதை', என்ற இந்தச் சேவை தெற்கே பெர்கனில் தொடங்கி, ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்களைத் தொடுகிறது. போய்த் திரும்ப 12 நாட்கள். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டினாலும் கடல் உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் தரும் வரம் அது.

ஆனால் குளிர்கால இருட்டுக்கு யாராலும் வரம் தர முடியவில்லை. ட்ரோண்ட்ஹைமிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம்வரை ஆன காலம் அது. ட்ரோண்ட்ஹைமுக்கு வடக்கே இருந்தவை வெறும் 28 கலங்கரை விளக்கங்கள். அரசு அழைத்தபோது மற்ற கம்பெனிகள் தயங்கின. ஸ்டோக்மார்க்னஸின் கேப்டன் ரிச்சர்ட் வித் மட்டும் முன்வந்தார். பாறைகளுக்கு நடுவே எத்தனை நிமிடம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று அவரும் வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்டேயும் குறித்து வைத்திருந்த கணக்குதான் மூலதனம். 1893 ஜூலை 2இல் ட்ரோண்ட்ஹைமிலிருந்து புறப்பட்ட 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பல், 67 மணி நேரத்தில் ஹாமர்ஃபெஸ்டை அடைந்தது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த கேப்டனின் பெயர் தாங்கிய கப்பலே 1941 செப்டம்பரில், உலகப் போரின்போது, பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் குண்டுக்குப் பலியாயிற்று. இறந்தவர்கள் 99 பேர்.

இன்று விமானமும் சாலையும் வந்துவிட்டன. கப்பலை நிரப்புவது பெரும்பாலும் வெளிநாட்டவர்: லோஃபோட்டன் தீவுகள், வாய்ப்பகுதியில் சுமார் 100 மீட்டர் அகலமே உள்ள ட்ரோல்ஃபியோர்டு, ஜூனில் மறையாத சூரியன், டிசம்பரில் வானில் நெளியும் பச்சை ஒளி ஆகியவற்றைத் தேடி வருபவர்கள். ஆனாலும் இது அரசு மானியம் பெறும் சேவை. 2021 முதல் ஹுர்டிகுருட்டென் ஏழு கப்பல்களையும் ஹவிலா என்ற புதிய நிறுவனம் நான்கையும் ஓட்டும் ஏற்பாடு. ஒப்பந்தம் 2030 வரை.

அழகே இப்போது நிபந்தனையும் போடுகிறது. உலகப் பாரம்பரியச் சின்னமான கெய்ராங்கர் போன்ற ஃபியோர்டுகளில், வெளியேற்றம் அறவே கூடாது என்ற விதி 10,000 டன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்களுக்கு 2026இல் அமலாகியது. பெரியவற்றுக்கு 2032 வரை அவகாசம். ஹவிலா கப்பல்கள் பேட்டரியில் நான்கு மணி நேரம்வரை ஓசையின்றி ஓடக்கூடியவை.

பேட்டரிக்குப் பணம் தருபவர் சுற்றுலாப் பயணி. ஆனால் அவர் தூங்கும் நேரத்தில் சின்னத் துறைமுகங்களில் நிற்கச் செய்வது அரசு ஒப்பந்தம்தான். ஸ்டோக்மார்க்னஸில் 1956இல் கட்டிய 'ஃபின்மார்க்கன்' கப்பல், கண்ணாடிக் கூடத்துக்குள் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஊர்க்காரர்களுக்கு வேண்டியதோ, இரவு ஒரு மணிக்கு வந்து நிற்கும் கப்பல்.