உப்பு சொன்ன கணக்கு

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

புள்ளியியல் என்றவுடன் நம்மில் பலருக்குச் சராசரி, இடைநிலை, முகடு என்னும் மூன்று சொற்களும், அவற்றை ஒட்டி வரும் ஐந்து மதிப்பெண் வினாவும்தான் நினைவுக்கு வரும். ஆகஸ்டு மாதம் வரையில் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மாதத்தில் நூலகப் பொறுப்பை வகிக்கும் சகோதரி அவர்கள் எங்கள் வகுப்பிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்கள். மாலை நான்கு மணிக்குமேல் திறந்திருக்கும் நூலகம் மாணவியருக்கு வசதியாக இருக்கிறதா, நேரத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டறிந்து சொல்ல வேண்டும்.

நாங்களும் ஒரு வாரம் நூலக வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்று, வந்தவர்களையெல்லாம் கேட்டோம். இருவரைத் தவிர மற்ற எல்லாரும் வசதியாக இருக்கிறது என்றார்கள். அட்டவணை போட்டு, வண்ணப் பென்சிலால் பட்டை விளக்கப்படமும் வரைந்து, பெருமையோடு கணித ஆசிரியையிடம் காட்டினோம். டீச்சர் படத்தைப் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "நூலகத்துக்கு வராதவர்களை எங்கே நின்று கேட்டீர்கள்?"

எங்கள் முகம் வாடிப்போயிற்று. அப்போது டீச்சர் சொன்ன செய்திகளையும், பிறகு நாங்களே தேடிப் படித்தவற்றையும் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

நோய் வந்தால் மருத்துவரிடமும், வழக்கு வந்தால் வழக்கறிஞரிடமும் போகிறோம். அதுபோல் ஒரு முடிவு எடுக்க முடியாமல் தடுமாறும் அரசும், தொழிற்சாலையும், மருத்துவமனையும் புள்ளியியல் ஆலோசகரிடம் போவதுண்டு. எண்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, "இவற்றைக் கூட்டிப் பெருக்கி விடை சொல்லுங்கள்" என்பார்களாம். நல்ல ஆலோசகர் உடனே கூட்ட உட்கார மாட்டார். விடையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், இந்த எண்களைக் கொடுத்தவர் யார், இவற்றில் சேராமல் விட்டுப்போனவை எவை என்று திருப்பிக் கேட்பார். எங்களுக்கு வந்தது போலவே, கேட்க வந்தவருக்கும் சற்று எரிச்சல் வரத்தான் செய்யும்.

இந்தக் கேள்விகளுக்கு எவ்வளவு பலன் உண்டு என்பதை 1947இல் டெல்லியில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ் இதைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். சுதந்திரம் வந்த கையோடு கலவரமும் வந்தது. சிறுபான்மையினர் ஏராளமானோர் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். ஒரு சிறு கூட்டம் ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் தங்கியது. அவர்களுக்கு உணவளிப்பது அரசின் பொறுப்பு. ஒப்பந்தக்காரர்கள் பொருள் வாங்கிப் போட்டு, பட்டியல் அனுப்பினார்கள். தொகை மலைபோல் ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் கோட்டைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அரசுக்கே தெரியாது. உள்ளே போய் எண்ணலாம் என்றால், அன்றிருந்த நிலைமையில் எண்ணப் போகிறவர் உயிருக்கே ஆபத்து. எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால் பொதுப்பணம் பாழாகும். குறைத்துச் சொன்னாலோ, வீடு வாசல் இழந்து வந்த மக்கள் பட்டினி கிடக்க நேரும்.

புள்ளியியலாரிடம் இருந்தவை அந்தப் பட்டியல்கள் மட்டுமே. அவற்றில் அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று எழுதியிருந்தது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு இவை எவ்வளவு தேவை என்பது முன்பே எடுத்த உணவு ஆய்வுகளிலிருந்து தெரியும். மொத்த அரிசியை ஒருவருக்கான அரிசியால் வகுத்தால் ஆட்களின் எண்ணிக்கை கிடைக்கும். பருப்பிலும் உப்பிலும் அப்படியே. மூன்றிலும் ஒரே விடையல்லவா வர வேண்டும்? வரவில்லை. அரிசிக் கணக்கில் மிக அதிகமான பேர் வந்தார்கள். உப்புக் கணக்கில் மிகக் குறைவானவர்களே வந்தார்கள்.

எதை நம்புவது? அரிசி விலையுயர்ந்த பொருள், அதை ஏற்றி எழுதினால் லாபம் உண்டு. உப்போ அந்நாளில் மிக மலிவு. உப்பில் பொய் சொல்லி யாருக்கு என்ன கிடைக்கும்? ஆகவே உப்புச் சொல்லும் எண்ணிக்கையே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். அத்தோடும் விட்டுவிடவில்லை. ஹுமாயூன் கல்லறையில் இருந்தவர்களின் எண்ணிக்கை அரசுக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது. அங்கே உப்பு முறையைப் போட்டுப் பார்த்தார்கள், விடை ஏறத்தாழப் பொருந்தியது. உப்பு வழியைச் சொன்னவர் ஜே. எம். சென்குப்தா என்பவர். கல்யாண வீட்டில் சமையற்காரர் தரும் சாமான் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருநூறு இலைக்கு இவ்வளவு நெய்யா?" என்று கேட்கும் எங்கள் பாட்டிமார்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது!

டீச்சரின் கேள்விக்கு நேர் விடையாக அமைந்தது ஆபிரகாம் வால்டு என்ற அறிஞரின் வேலை. 1902இல் அன்றைய ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் பள்ளி நடந்ததால், பெற்றோரிடம் வீட்டிலேயே பாடம் கற்றார். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்றார். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் குழுவில் அவரும் இருந்தார். போர் விமானங்கள் உடலெங்கும் குண்டுத் துளைகளோடு திரும்பி வரும். எந்தப் பகுதிக்குக் கவசத் தகடு அடிப்பது? எல்லா இடத்திலும் அடித்தால் விமானம் பாரம் தாங்காது. துளைகள் நிறைந்த இடத்தில் அடிக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவை திரும்பி வந்துவிட்ட விமானங்கள். எஞ்சினில் துளை குறைவாக இருப்பதற்குக் காரணம், எஞ்சினில் அடிபட்டவை பெரும்பாலும் திரும்பவே இல்லை என்பது. துளை இல்லாத இடமே காப்பாற்றப்பட வேண்டிய இடம். இக்கதை வாய்க்கு வாய் மாறும்போது சற்று மெருகேறிவிட்டதென்று சொல்கிறார்கள். என்றாலும், திரும்பி வந்தவற்றைக் கொண்டு திரும்பாதவற்றைக் கணக்கிடும் வழியை விளக்கி 1943இல் அவர் எழுதிய குறிப்புகள் பிற்காலத்தில் அச்சாகியுள்ளன.

இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்த அவர், 1950 டிசம்பர் 13ஆம் நாள், விமானம் நம் நீலகிரி மலையில் மோதியதால் மனைவியோடு உயிரிழந்தார். விமானங்களைக் காக்கக் கணக்குப் போட்டவருக்கா இம்முடிவு என்று படித்தபோது எங்களில் சிலருக்குக் கண் கலங்கியது.

நம் நாட்டில் இக்கலையை வளர்த்தவர் பி. சி. மகாலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர்கள். அவரோ சுமார் அறுபது ஆண்டுப் பழைய அளவுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்து, படுகை உயரவில்லை, மேற்பகுதியில் பெய்த பெருமழையே காரணம் என்று காட்டினார்.

எல்லாம் முடிந்த பிறகு புள்ளியியலாரை அழைப்பது பிணப் பரிசோதனைக்கு மருத்துவரை அழைப்பது போன்றது என்ற கருத்தை, 1938இல் இந்தியா வந்த ஆர். ஏ. ஃபிஷர் கூறினாராம். எங்கள் ஆய்வுக்கு அது நன்றாகவே பொருந்தியது!

மறுபடியும் தொடங்கினோம். இம்முறை வாசலில் நிற்கவில்லை. தலைமைச் சகோதரியின் அனுமதியோடு வருகைப் பதிவேடுகளை வாங்கி, எல்லா வகுப்பிலும் ஒவ்வோர் ஐந்தாவது பெயராகக் குறித்துக்கொண்டு, அவர்களைத் தேடிப் போய்க் கேட்டோம். வெளியூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவியர் நான்கே காலுக்குள் நிறுத்தத்தில் இருக்க வேண்டும், அதை விட்டால் அடுத்த பேருந்து ஆறு மணிக்கு. ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "லைப்ரரி எங்கே இருக்குன்னு தெரியும் அக்கா, உள்ளே போனதில்லை" என்றாள்.

இந்த விவரங்களைச் சகோதரி அவர்களிடம் கொடுத்தோம். அக்டோபர் முதல் வாரத்தில் மூன்று நாட்கள் மதிய இடைவேளையிலும் நூலகம் திறந்திருக்கிறது. வண்ணப் பென்சிலால் வரைந்த பழைய படம் எங்கள் வகுப்புச் சுவரில் இன்னும் தொங்குகிறது. கழற்றிவிடுகிறோம் என்று எத்தனையோ முறை கேட்டும் டீச்சர் சம்மதிக்கவில்லை.