மலைக்கு வெளியே நின்று வரைந்த மலைநாடு

சாமுவேல் டேனியல் (1775–1811) கற்பனாவாதக் காலத்து ஆங்கிலேய ஓவியர். இந்தியக் காட்சிகளை வரைந்து பேர்பெற்ற தோமஸ் டேனியலின் சகோதரர் மகன், வில்லியம் டேனியலின் தம்பி. தென்னாபிரிக்காவின் விலங்குகளை வரைந்துவிட்டு இலங்கை வந்தவரை, ஆளுநர் மெயிற்லண்ட் காடுகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தில் அமர்த்தினார். யானைகளையும் மான்களையும் அவற்றின் காட்டிலேயே பார்த்து வரைய இதைவிட வாய்ப்பான வேலை கிடைத்திருக்காது. இலங்கையின் காட்சிகள், விலங்குகள், மக்கள் பற்றிய அவருடைய 12 அக்குவாடின்ட் படங்கள் 1808இல் லண்டனில் வெளியாயின. செப்புத் தகட்டில் பிசின்தூள் தூவி, அமிலத்தால் அரிக்கவைத்து அச்சிடும் முறை அது. நீர்வர்ணத்தின் மெல்லிய பூச்சை அச்சில் கொண்டுவர அக்காலத்தில் அதுவே கைகொடுத்தது.

ஆனால் மலைநாட்டின் நடுப்பகுதி அவருக்கு எட்டவில்லை. 1803 ஜூனில் கண்டியில் சரணடைந்த பிரித்தானியப் படையினர், நகருக்கு அருகேயுள்ள வட்டபுளுவையில், மகாவலிக் கரையில் கொல்லப்பட்டனர். அதன்பின் 1815 வரை கண்டி இராச்சியம் வெள்ளையருக்கு மூடியே கிடந்தது. டேனியலோ 1811 டிசம்பரில், 36 வயதில், இலங்கையிலேயே காலமானார். ஆகவே அவர் படங்களில் விலங்கு அருகிலும் மலை தொலைவிலும் நின்றால் அதை அழகியல் தேர்வென்று மட்டும் கொள்வது சரியாகாது. அரசியலும் அங்கே எல்லை போட்டிருந்தது.

மலைப்பாதைகள் திறந்தபின் தூரிகையோடு துவக்கும் போய்ச் சேர்ந்தது. மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி மட்டும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். மரையை ‘எல்க்’ என்று அழைத்து நாய்விட்டு வேட்டையாடுவது துரைமாரின் பொழுதுபோக்கு. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. அத்தோட்டங்களில் உழைத்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர்.

அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கல் வந்தது இந்தக் காலத்தில்தான். கொழும்பில் ஓவியம் கற்பித்த அவர், 1848இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்டுடன் உள்நாட்டுக் காடுகளுக்கும் பழைய இடிபாடுகளுக்கும் போனார். ஐந்து வாரப் பயணம் முடியுமுன் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. நிக்கல் தப்பினார். 1859இல் டெனன்ட் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் நிக்கலின் சித்திரங்கள் இடம்பெற்றன.