பால்மரக் கட்டையில் பூ டைலுக்கு ஒரு சட்டம்

பால்மரம் நம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட மரம். பால் வற்றியதும் அதை வெட்டிச் சாய்த்து விறகாக்கினோம். புகைக்கூடத்து அடுப்பில் எரிந்த அதே கட்டைதான் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. மரத்தை வளர்த்த கைக்கு, அந்த மரத்தில் ஒரு சாமான் செய்யத் தெரிய வேண்டாமா?

சுலபமான வேலை ஒன்று சொல்கிறோம். பூ டைலுக்கோ, சாமி பட டைலுக்கோ மரச் சட்டம். மாதிரி அமெரிக்காவில் பிறந்தது. 'கிராப்ட்ஸ்மன்' பாணி என்று பெயர். குஸ்தாவ் ஸ்டிக்லி என்பவர் 1901 முதல் 1916 வரை அந்தப் பெயரில் ஓர் ஏடு நடத்தினார். யந்திரம் மலிவாகக் குவித்த சாமான்களைப் பார்த்து, உழைத்தவன் கைவேலை தெரிய வேண்டும் என்றார். அதனால் இதில் செதுக்குப்பூ கிடையாது, நேர்க்கோடுதான். மூலைப் பொருத்தையும் மறைப்பதில்லை.

பச்சைக் கட்டை வேண்டாம். வெட்டிய சில நாளிலேயே நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும். மருந்தேற்றி உலர்த்திய துண்டுகளை நாற்காலித் தொழிற்சாலையில் கேளுங்கள்.

6 அங்குல டைலுக்கு, 2 அங்குல அகலம், ¾ அங்குலக் கனத்தில் நான்கு துண்டு போதும். நிற்கும் துண்டு இரண்டும் 9½ அங்குலம். குறுக்குத் துண்டு இரண்டும் 7½ அங்குலம். குறுக்குத் துண்டின் இரு முனையிலும் 1 அங்குல நீளம், 1 அங்குல அகலம், ¼ அங்குலக் கனத்தில் கழுந்து எடுங்கள். நிற்கும் துண்டில் அதே அளவுக்குத் துளை போடுங்கள். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பசை போட்டு இறுக்கி, மூங்கில் முளை அடியுங்கள். முளை வெளியே தெரியட்டும், அதுதான் அழகு!

பசை காய்ந்ததும் பின்பக்கம் 5/16 அங்குல அகலத்துக்கு உளியால் காடி வெட்டுங்கள். டைலைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி இருக்கணும். மழைக்காலத்தில் மரம் ஊதும், டைல் ஊதாது. இறுக்கி வைத்தால் ஏதாவது ஒன்று வெடிக்கும். டைலை ஒட்டாதீர்கள். பின்னால் மெல்லிய பலகை வைத்துச் சின்னத் திருகாணி போடுங்கள்.

ஸ்டிக்லி ஓக் மரத்தைக் கருக்க அமோனியாப் புகை பிடித்தார். பால் உறையாமலிருக்க ஊற்றுகிற அதே அமோனியாதான்! கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. நம் மரத்தில் கருப்பும் ஏறாது. சாய வார்னிஷ் பூசினால் போதும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிபட்டு, அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ! பால்மரம் கூட வராது. சாமி மாடத்து டைல் ஒண்ணையாவது உடையாமல் பெயர்த்து, அந்த மரத்துச் சட்டத்துக்குள்ளேயே வையுங்கள். திருகாணியைக் கழற்றினால் எந்த வீட்டுக்கும் கொண்டு போகலாம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்தி உளியைப் பிடிக்கச் சொல்லுங்கள். கைத்தொழில் கற்ற பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்.