பழவேற்காடு போன பாடு!

ஊட்டி, கொடைக்கானல் என்றால் மூன்று நாள் லீவு வேண்டும். 'எதுக்கு சார் லீவு?' என்று மானேஜர் கேட்பதற்குப் பதில் சொல்ல இன்னொரு மூன்று நாள் வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்தோடு ஆபீஸ் முடிகிற சென்னைவாசியா நீங்கள்? பழவேற்காடு போங்கள். மலை கிடையாது, அதனால் ஸ்வெட்டர் செலவும் கிடையாது. நானூறு வருஷச் சரித்திரமும் ஒரு பெரிய ஏரியும் உண்டு.

ரூட் சுலபம். மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். பொன்னேரியில் இறங்கினால் பஸ். (ஆரணி ஆற்றங்கரையில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்கிற ஊர் பொன்னேரி. நேரமிருந்தால் ஒரு கும்பிடு!)

கூட வந்த ஆபீஸ் நண்பர், பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கட்டம் போட்ட கர்ச்சீப்பை வீசி இடம் பிடித்தார். பொருத்தமான கர்ச்சீப்தான். பழவேற்காட்டை வெள்ளைக்காரர்கள் 'புலிகாட்' என்பார்கள். இங்கிருந்து போன கட்டம் போட்ட துணிக்கும் அங்கே அதே பெயர்தான். ஊர்ப் பெயரே கர்ச்சீப்புக்குப் பெயராகிவிட்டது!

அந்தத் துணிக்காகத்தான் டச்சுக்காரர்கள் 1609-ல் இங்கே கடை விரித்தார்கள். 1613-ல் கெல்ட்ரியா என்றொரு கோட்டை. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு ஜாகை மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைநகரம். துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள், காசு அடித்தார்கள். பஞ்சத்தில் அடிபட்ட நம் ஜனங்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக்கிக் கப்பலேற்றியதும் இங்கிருந்துதான். 1825-ல் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது.

கோட்டையைத் தேடினால் மேடும் முள்ளுச்செடியும்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை தயவில் ஜோராக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள், 'வாங்க, உட்காருங்க' என்பதுபோல! உள்ளே பெரிய பெரிய கற்களில் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும். அந்தக் காலத்து ஆபீஸர்கள் செத்த பிறகும் தங்கள் கிரேடை விடவில்லை. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கூழாங்கல்கூட இல்லை. நண்பர் அதுவரை விட்டுக்கொண்டிருந்த ஜோக்கை நிறுத்திக்கொண்டார்.

வெயில் தாழ ஏரிக்கரைக்கு வந்தோம். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அதைத் தாண்டிக் கடல். பனிக்காலத்தில் வந்தால் பூநாரைகள் நிற்குமாம்.

நண்பருக்குப் படகு ஆசை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், "ஐயா, ஒரு ரவுண்டு... எவ்வளவு கேட்டாலும் தர்றோம்" என்றார்.

பெரியவர் நிமிரவே இல்லை. "அந்தப் பேச்சே வேணாம் தம்பி. கிறிஸ்மஸ் அன்னிக்கு எத்தினி பேரைத் தூக்கிக் கரையில போட்டோம் தெரியுமா?"

2011 டிசம்பர் 25. பண்டிகைக்கு வந்த ஒரே குடும்பத்தார் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு உல்லாச சவாரிக்குத் தடை. 'சும்மா ஏறுங்க சார்' என்று யாராவது காதோரம் சொன்னாலும் ஏறாதீர்கள். தண்ணீர் அமைதியாகத்தான் தெரிகிறது. அன்றைக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

பேச்சை மாற்ற, "இன்னிக்கு மீன் பிடிக்கப் போகலையா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு எங்க பாடு இல்ல."

நாம் 'படாத பாடு' என்போமே, அந்தப் பாடு இல்லை இது. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் மூன்றும் முறை வைத்துக்கொள்கின்றன. இன்றைக்கு ஒரு ஊர் என்றால் நாளைக்கு இன்னொரு ஊர். ஊருக்குள் தலைக்கட்டுக் கணக்கு. யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். பணக்காரர், ஏழை எல்லோருக்கும் ஒரே சீட்டு. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. (இந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கிற மீனவர்களுக்கு மனக்குறை உண்டு. தகராறும் வந்திருக்கிறது. நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.)

"ஏமாத்த மாட்டாங்களா?" என்றார் நண்பர், ஆபீஸ் ஞாபகத்தில்.

"ஏமாத்திட்டு எங்க போவான்? இதே கரையிலதான வலையைக் காய வெக்கணும்!"

பெரியவரின் கவலை வேறு. கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்தால்தான் இறால். மணல் வந்து வாயை அடைத்துக்கொண்டால்? "சீட்டு கையில இருக்கும் தம்பி. இறால் இருக்காது" என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

திரும்பும் பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசாமல் வந்த நண்பர் திடீரென்று, "ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ இருக்கிற அந்த ஒரு சீட்டுக்கு நாமளும் பாடு வெச்சா என்ன?" என்றார்.

திங்கட்கிழமை பதினோரு பேர் பெயரையும் எழுதி, டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினோம். பியூன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

ஹெட் கிளார்க்! பத்து வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.