மூன்று சுரங்கள் சேரும்போது

எங்கள் கிராமத்துப் பெண்கள் நிலையத்தில் ஒரு கீபோட் இருக்கிறது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. பல மாதங்களாக அது அலுமாரிக்கு மேலே, பழைய சேலைத் துண்டொன்றால் மூடியபடியே கிடந்தது. கேட்டால், "அது நோட்ஸ் படிச்ச ஆக்களுக்கு, ரீச்சர். நாங்கள் தொட்டால் பழுதாப் போயிடும்" என்பார்கள். தையல் மெசினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பெண்கள்தான் இப்படிச் சொன்னார்கள்.

நோட்ஸ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கீபோட்டில் ஒரு பாட்டுக்குத் துணையாக வாசிக்கலாம். அதற்கு மூன்று விரல்களும் ஏழுவரை எண்ணத் தெரிவதும் போதும்.

கீபோட்டில் கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் கூடி நிற்கும். இரண்டு நிற்குமிடத்தில், அவற்றுக்கு இடப்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டையை அழுத்துங்கள். அதை மேலைத்தேய சங்கீதத்தில் 'சி' என்பார்கள். நாம் அதைச் 'ச' என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் ச ரி க ம ப த நி என்று சங்கராபரண ராகத்தின் சுரங்கள் வரும். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தவர்களுக்கு இது 29ஆவது மேளகர்த்தா என்று நினைவிருக்கும்.

இனி, ச, க, ப என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள். ஒன்றை விட்டு ஒன்று. இதுதான் 'ட்ரையட்' எனப்படும் மூன்று சுரக் கூட்டு. கிற்றார்காரர்கள் 'கோட்' பிடிக்கிறோம் என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். கிற்றாரில் ஜி மேஜர் பிடித்து ஆறு தந்திகளையும் ஒன்றாக மீட்டினாலும் அதில் இருப்பவை மூன்று சுரங்களே. மற்றவை அதே சுரங்கள் வேறு ஸ்தாயியில் திரும்ப வருபவை.

எங்கள் கர்நாடக சங்கீதத்தில் இப்படி இல்லை. தம்புரா பெரும்பாலும் சவையும் பவையும் மீட்டிக்கொண்டிருக்க, சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் நடந்து போகும். அதில் குறையொன்றும் இல்லை, அது வேறொரு வழி. ஐரோப்பியர் சுரங்களை அடுக்கிப் பார்த்தார்கள். வெனிஸ் நகரில் சார்லினோ என்பவர் 1558இல் இந்தக் கூட்டைப் பற்றி விரிவாக எழுதினார். பிரான்ஸின் ராமோ 1722இல் வெளியிட்ட நூலில், ச க ப என்றாலும் க ப ச என்றாலும் ப ச க என்றாலும் அடிப்படை ஒன்றே என்று விளக்கினார். இந்த விளக்கம் பின்னால் எங்கள் விரல்களுக்கு மிகவும் உதவும்.

கறுப்பு வெள்ளை என்று பாராமல் எல்லாக் கட்டைகளையும் எண்ணுங்கள். சவிலிருந்து நான்காவது கட்டை க. கவிலிருந்து மூன்றாவது ப. நான்கும் மூன்றும். இது மேஜர். நடுவில் உள்ள கவை மட்டும் ஒரு கட்டை கீழே இறக்கினால் மூன்றும் நான்கும் ஆகிவிடும். அது மைனர். ஓரத்தில் உள்ள இரண்டும் அசையவில்லை, ஆனாலும் வீட்டில் வெளிச்சம் குறைந்ததுபோல் இருக்கும். மைனர் என்றால் சோகம் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். அது முழு உண்மையல்ல. மைனரில் துள்ளி ஆடும் பாட்டுகளும் நிறைய உண்டு.

கீபோட் இல்லாதவர்கள் மூன்று பேராகச் சேர்ந்து குரலாலேயே இதைச் செய்யலாம். ஒருவர் ச, ஒருவர் க, ஒருவர் ப என்று மூச்சு விட்டு நீட்டிப் பிடிக்க வேண்டும். ச ஒரு வினாடிக்கு 200 தடவை அதிர்கிறது என்றால், அதனோடு சரியாக இணையும் க 250, ப 300. கீபோட்டில் க கிட்டத்தட்ட 252இல் நிற்கும். எல்லாச் சுருதியிலும் வாசிக்க வசதியாகக் கட்டைகளைச் சமமாகப் பங்கிட்டதால் வந்த சிறு விட்டுக்கொடுப்பு அது. ஆகவே நன்றாகக் காது கொடுத்துப் பாடும் மூன்று பெண்கள் இந்த இடத்தில் மெசினை வெல்லலாம்.

நிலையத்தில் இதைச் செய்யும்போது பின்வாங்கில் இருந்த ஓர் அக்கா பாட மறுத்துவிட்டா. இடம்பெயருவதற்கு முன் தேவாலயப் பாடகர் குழாமில் இருந்தவ என்று மற்றவர்கள் சொன்னார்கள். பிறகு தேநீர் குடிக்கும்போது அவவே காரணத்தைச் சொன்னா. "நான் ஆல்ட்டோ, ரீச்சர். என்ர பகுதியைத் தனியப் பாடினால் அது ஒரு பாட்டாவே இராது. மற்றவை இல்லாமல் நான் என்னத்தைப் பாடுறது?"

அது உண்மைதான். ஆல்ட்டோ பெரும்பாலும் கூட்டின் நடுச் சுரங்களைப் பிடிப்பது. மேலே போகும் மெட்டுத்தான் கேட்பவர் மனதில் நிற்கும். நடுவில் இருப்பதை யாரும் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. அவவுடன் பாடியவர்களில் சிலர் வெளிநாட்டில், சிலர் 2009க்குப் பிறகு இல்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது முணுமுணுக்கக்கூட அவவிடம் ஒரு மெட்டு இருக்கவில்லை.

அடுத்த கிழமை இரண்டு இளம் பிள்ளைகள் சவையும் பவையும் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா கவைக் கொண்டுவந்து வைத்தா. தேடவேயில்லை, நேராக வந்து உட்கார்ந்தது. பிறகு யாரும் கேளாமலே அதை அரைச் சுரம் இறக்கினா. "அக்கா, முந்தினதைப் பாடுங்கோ" என்றாள் ஒருத்தி. "பொறு, இதுவும் வேணும்" என்று சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றா.

இப்போது முன்பள்ளி ஆசிரியைகளுக்கு. ச க ப, ம த ச, ப நி ரி. இந்த மூன்று கூட்டுகளும் தெரிந்தால் பிள்ளைகளின் பாட்டுகளில் அநேகமானவற்றுக்கு வாசிக்கலாம். காரணம் எளிது. இவற்றில் ஏழு சுரங்களும் வந்துவிடுகின்றன, பாருங்கள். பாட்டு எந்தச் சுரத்தில் நின்றாலும் அதை உள்ளடக்கிய கூட்டு ஒன்று கையில் இருக்கும். ஒரு சுரம் இரண்டு கூட்டில் வந்தால் (ச அப்படி, பவும் அப்படி) இரண்டையும் வாசித்துப் பார்த்துக் காதுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். பைலாப் பாட்டுகள் பலவும் இந்த மூன்றிலேயே, சில இரண்டிலேயே, ஓடிவிடும்.

கையைத் தூக்கித் தூக்கி வைக்கத் தேவையில்லை. ராமோ சொன்னது இங்கேதான் உதவுகிறது. ச க பவிலிருந்து ம த சவுக்குப் போக, ச விரல் அப்படியே இருக்கட்டும். கவை அடுத்த மவுக்கும், பவை அடுத்த தவுக்கும் நகர்த்துங்கள். ப நி ரிக்குப் போக ப விரலை விட்டுவிட்டுச் சவை நிக்கும், கவை ரிக்கும் இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் தன் இடத்திலேயே இருக்கும். ஒரு கிழமை தினமும் பத்து நிமிடம் பழகினால் கை தானாகப் போகும்.

வெள்ளைக் கட்டைகளில் மிஞ்சும் கூட்டுகளில் ரி ம த, க ப நி, த ச க மூன்றும் மைனர். நி ரி ம மட்டும் மூன்றும் மூன்றுமாக இருப்பதால் தனியே நிற்க மாட்டாமல் தள்ளாடும். அதை வாசித்து உடனே ச க பவுக்கு வந்து பாருங்கள்.

சி சுருதி உங்கள் குரலுக்குப் பொருந்தாவிட்டால் தொண்டையை வருத்த வேண்டாம். பெண்கள் வழமையாகப் பாடும் ஐந்து கட்டைச் சுருதி, கீபோட்டில் ஜி. அதைச் சவாக வைத்து அதே நான்கையும் மூன்றையும் எண்ணினால் கூட்டு வந்துவிடும். பவில் தொடங்கும் கூட்டில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டை வரும். இன்னொன்று: பல கீபோட்டுகளில் இடக்கையால் ஒரு கட்டையை அழுத்தினால் அதுவே மூன்று சுரங்களையும் தாளத்தோடு வாசிக்கும் வசதி உண்டு. பழகும் காலத்தில் அதை நிறுத்தி வையுங்கள்.