உப்பின் கதை சொல்லும் சுவர்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் இருக்கிறது மரக்காணம். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் போனால், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்களைப் பார்க்கலாம். அப்படியே ஊருக்குள் இருக்கும் பூமீஸ்வரர் கோயிலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

பார்த்ததும், "ப்பூ... இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். தஞ்சைப் பெரிய கோயில் போல 216 அடி விமானம் இல்லை. மாமல்லபுரம் போலப் பெரிய கல் யானையும் இல்லை.

அவசரப்படாதீர்கள்! சுவரின் அருகே போய்ப் பாருங்கள். வரி வரியாக எழுத்துகள் தெரிகின்றனவா? முதலாம் இராஜராஜன் (கி.பி. 985-1014) உள்ளிட்ட சோழ மன்னர்கள் காலத்துக் கல்வெட்டுகள் அவை. மரக்காணத்து உப்பளங்களைப் பற்றியும் அவற்றில் செய்தி உண்டு. 'அளம்' என்றால் உப்பு விளையும் இடம். ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே உப்பு விளைந்தது என்பதற்கு இந்தச் சுவர்தான் சாட்சி!

கல்வெட்டை எப்படிப் படி எடுக்கிறார்கள், தெரியுமா? ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளமான எழுத்துகள் மட்டும் வெள்ளையாகத் தெரியும். இதுதான் மைப்படி.

கடற்காற்றில் வரும் உப்பு கல்லை மெல்ல மெல்ல அரிக்கும். அதோடு நாமும் பெயரைக் கிறுக்கினால் என்ன ஆகும்? எழுத்து அழிந்தால், அது சொன்ன செய்தியும் போச்சு! எனவே, உங்கள் பெயரை நோட்டில் எழுதுங்கள், கல்லில் வேண்டாம்.

சரி, உங்கள் ஊர்ப் பழைய கோயில் சுவரில் ஏதாவது எழுதியிருக்கிறதா? போய்ப் பாருங்களேன்!